ஹோல்ஸ்ட்டின் ஈ பிளாட் முதல் சூட்: பேண்டில் வாசிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டிஷ் இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் எழுதிய ‘மிலிட்டரி பேண்டுக்கான ஈ பிளாட் முதல் சூட்’ எங்கள் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள் என்னிடம் வருகின்றன. சிங்கப்பூரில் பள்ளி இணைப்பாட நடவடிக்கையாக யூஃபோனியம் என்ற தாழ்குரல் பித்தளைக் கருவியை ஊதத் தொடங்கிய நான், இப்போது வார இறுதியில் கூடும் ஒரு பேண்டில் அதே கருவியை வாசிப்பதோடு, புதியவர்களுக்குப் பார்ட், அதாவது அவரவர் கருவிக்குரிய இசைத்தாள், எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் பார்த்து வருகிறேன். ஒத்திகை இடைவேளைகளில் வாய்மொழியாகச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இது எந்த மாதிரி இசை? எவ்வளவு நேரம் ஓடும்?

மூன்று பகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பு இது. முதலாவது ‘ஷக்கோன்’, எட்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வர, அதன் மேலும் கீழும் மற்றக் கருவிகள் புதிது புதிதாகப் பின்னிக்கொண்டே போகும் பழைய ஐரோப்பிய வடிவம். இரண்டாவது ‘இன்டர்மெட்ஸோ’, துள்ளலும் குறும்பும் நிறைந்தது. மூன்றாவது ‘மார்ச்’. மூன்றும் சேர்ந்து பத்து நிமிடத்தை ஒட்டி வரும். அதில் ஏறத்தாழப் பாதி நேரத்தை ஷக்கோன் எடுத்துக்கொள்ளும்.

‘மிலிட்டரி பேண்ட்’ என்று போட்டிருக்கிறதே, ராணுவ அணிவகுப்புக்கு எழுதியதா?

இல்லை. அந்தக் காலத்து பிரிட்டனில் ‘மிலிட்டரி பேண்ட்’ என்பது கருவி அமைப்பைக் குறிக்கும் பெயராகவும் வழங்கியது. பித்தளைக் கருவிகள் மட்டும் இருந்தால் அது ‘பிராஸ் பேண்ட்’. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் போன்ற மரக்காற்றுக் கருவிகளும் பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் கலந்திருந்தால் அது ‘மிலிட்டரி பேண்ட்’. இன்று நாம் ‘விண்ட் பேண்ட்’ என்று சொல்லும் குழுவின் முன்னோடி அதுதான்.

ஆயினும் ராணுவத் தொடர்பு அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆவணங்களில் காணக்கிடைக்கும் முதல் நிகழ்ச்சி, 1920 ஜூன் 23 அன்று, லண்டனை அடுத்த டுவிக்கன்ஹாம் பகுதியில் இருந்த நெல்லர் ஹாலில், அதாவது ராணுவ இசைப் பயிற்சிப் பள்ளியில், 165 பேர் சேர்ந்து வாசித்தது. எழுதியதற்கும் அதற்கும் இடையே 11 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கேட்டால் எளிமையாகத்தானே இருக்கிறது?

1909-இல் ஒரு பேண்டின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால், மார்ச்சுகளும், ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஓபராவுக்கும் எழுதப்பட்டு பேண்டுக்கு மாற்றப்பட்ட இசையும்தான் பெரும்பகுதி இருக்கும். வயலினுக்காக எழுதிய வரியை கிளாரினெட்டும் செல்லோவுக்காக எழுதிய வரியை யூஃபோனியமும் வாசிப்பதுதான் வழக்கம். அப்படிப்பட்ட சூழலில், பேண்டின் சொந்தக் குரலையே நம்பி, எந்தக் கருவிக்கு எந்த வரி பொருந்தும் என்று யோசித்து, முழுமையான ஒரு கச்சேரிப் படைப்பை ஹோல்ஸ்ட் எழுதினார். பின்னாளில் பேண்டுக்கென்றே எழுதியவர்கள் பலருக்கு இது முன்மாதிரியாக நின்றது. இன்னொரு ஆங்கிலேய இசையமைப்பாளரான வான் வில்லியம்ஸின் ‘இங்கிலீஷ் ஃபோக் சாங் சூட்’ 1923-இல் அதே நெல்லர் ஹாலில்தான் முதலில் ஒலித்தது.

எளிமை பற்றி: ஸ்வரங்கள் எளிமையானவைதான்; தேர்ந்த பள்ளிப் பேண்டு ஒன்று சில வாரங்களில் விரல்களில் ஏற்றிவிடலாம். ஆனால் ஒளிந்துகொள்ள இதில் இடமே இல்லை. பல இடங்களில் ஒரே ஒருவர், இருவர், மூவர் மட்டும் வாசிக்கிறார்கள். அங்கே ஒரு மூச்சு தவறினாலும் கடைசி வரிசை வரை கேட்கும்.

‘தி பிளானட்ஸ்’ எழுதியவர்தானே இவர்? பேண்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

அவரேதான். ஆர்கெஸ்ட்ராவுக்கான அவருடைய புகழ்பெற்ற படைப்பான ‘தி பிளானட்ஸ்’ இதற்குப் பின் 1914-க்கும் 1917-க்கும் இடையில் எழுதப்பட்டது. ஹோல்ஸ்ட் தொழில்முறை டிராம்போன் கலைஞர். சிறு வயதில் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று கருதி அவருடைய தந்தை டிராம்போனைக் கையில் கொடுத்தார். வலது கையில் ஏற்பட்ட நரம்புக் கோளாறால் பியானோக் கலைஞராகும் கனவு கைவிட்டுப் போக, ஓபரா குழுவிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் டிராம்போன் வாசித்துப் பிழைத்தார். கடற்கரை ஊர்களில் கேளிக்கை இசை வாசிக்கும் பேண்டிலும் இருந்திருக்கிறார்.

இந்தச் சூட்டை எழுதியபோது அவர் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியிலும், வேலைக்குப் போவோர் மாலையில் வந்து படிக்கும் மார்லி கல்லூரியிலும் ஆசிரியர். முழுநேரக் கலைஞர் அல்லாதவர்களின் கையில் எது நன்றாக ஒலிக்கும் என்பதை வாரந்தோறும் நேரில் கண்டவர். டிராம்போன், யூஃபோனியம் பார்ட்டுகளை வாசிக்கும்போது, பின் வரிசையில் உட்கார்ந்து பழகிய ஒருவர் எழுதியது என்பது கைக்கே தெரிகிறது.

ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்தவராமே. இதில் நம் ராகம் ஏதாவது இருக்கிறதா?

ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைப்பதற்காக அவர் சமஸ்கிருதம் கற்றது உண்மை. மகாபாரதக் கதையை வைத்து ‘சாவித்ரி’ என்ற சிறு ஓபராவை 1908-இல் எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு எழுதிய இந்தச் சூட் முழுக்க முழுக்க ஆங்கிலேய மண்ணின் இசை. இதில் இந்திய ராகத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு ஒப்புமை மட்டும் உண்டு. இன்டர்மெட்ஸோவின் நடுவில் தனி கிளாரினெட் வாசிக்கும் நீண்ட மெட்டு ‘டோரியன்’ என்ற முறையில், எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டு அமைந்தது. அதன் ஸ்வரங்களை வரிசைப்படுத்தினால் கரகரப்பிரியாவின் ஆரோகணம் கிடைக்கும். கமகம் இல்லாததால் அது கரகரப்பிரியா ஆகிவிடாது. ஆனாலும் அந்த மெட்டின் தவிப்பு நமக்குச் சட்டென்று பிடிபடுவதற்கு அந்தப் பழக்கமும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கிளாரினெட் கலைஞர் ஒருவர் அந்த வரியை முதலில் ஸ்வரம் போட்டுப் பாடிவிட்டுத்தான் ஊதினார். வாக்கியம் எங்கே முடிகிறது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

இதில் வரும் மெட்டுகள் நாட்டுப்பாடல்களா?

இல்லை, எல்லாம் ஹோல்ஸ்ட்டின் சொந்த மெட்டுகள். நாட்டுப்பாடல்களைக் கொண்டு எழுதப்பட்டது, 1911-இல் வந்த இரண்டாம் சூட். அது எஃப் ஸ்வரத்தில் தொடங்கும் வேறு படைப்பு. அதில் நான்கு பகுதிகள். பார்ட் கேட்டு வாங்கும்போது ‘ஹோல்ஸ்ட் சூட்’ என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது வந்து சேரும் என்று தெரியாது. எண்ணைச் சேர்த்தே சொல்லுங்கள்.

எங்களிடம் இருபத்திரண்டு பேர்தான் இருக்கிறார்கள். வாசிக்கலாமா?

தாராளமாக வாசிக்கலாம். பேண்டுக்குப் பேண்டு கருவிகளின் எண்ணிக்கை மாறும் என்பதை ஹோல்ஸ்ட் அறிந்திருந்தார். குறைந்தது 19 பேர் இருந்தால் போதும் என்ற கணக்கில் அடிப்படைப் பார்ட்டுகளை அமைத்து, மேலும் 16 பார்ட்டுகளை ‘அட் லிப்’, அதாவது இருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்று குறித்தார். ஓபோ, சாக்ஸபோன், பேஸ் கிளாரினெட், டிரம்பெட், டிம்பனி என்ற பெரிய சுருதி முரசு ஆகியவை இந்த இரண்டாம் வகையில் அடங்கும்.

என் கருத்தில், இருபத்திரண்டு பேர் வாசிக்கும்போதுதான் ஷக்கோனின் பின்னல் தெளிவாகத் தெரிகிறது. ஆள் குறைவு என்று எண்ணி யாரும் ஓங்கி ஊத வேண்டாம். எழுதியிருக்கும் அளவுக்கு மென்மையாக வாசித்தாலே அரங்கு நிறையும்.

நேர்மாறாக, நாங்கள் அறுபது பேர். எல்லோரும் எல்லா இடத்திலும் வாசிக்கலாமா?

வேண்டாம். ‘சோலோ’ என்று இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் வாசிக்கட்டும். ஷக்கோனின் நடுப்பகுதியில் மெட்டு ஒரு தனிக் கருவியிடமிருந்து இன்னொரு தனிக் கருவிக்குக் கைமாறும்போது, மூன்று கிளாரினெட்டுகள் சேர்ந்து வாசித்தால் அந்தத் தனிமை கெட்டுவிடும். வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்று பிள்ளைகளும் பெற்றோரும் வருந்துவது எனக்குப் புரிகிறது. அதற்கு வழி, தனி வரிகளை வெவ்வேறு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே. இந்தப் படைப்பில் அப்படிப் பகிர்ந்து கொடுக்க வரிகளுக்குப் பஞ்சமில்லை.

எந்தப் பதிப்பை வாங்குவது? பார்ட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

பெரும்பாலும் இரண்டு பதிப்புகளின் பார்ட்டுகள் அலமாரியில் கலந்துபோனதால் வரும் சிக்கல் இது. 1921-இல் பூஸி நிறுவனம் பார்ட்டுகளை வெளியிட்டபோது, எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒருசேர இருக்கும் முழு ஸ்கோர் வரவில்லை; சுருக்க ஸ்கோரை வைத்துத்தான் இசை நடத்துநர்கள் சமாளித்தார்கள். முழு ஸ்கோர் 1948-இல்தான் வந்தது. அமெரிக்கப் பேண்டுகளில் வழக்கமான பாரிடோன் சாக்ஸபோன், ஆல்ட்டோ கிளாரினெட் போன்ற கருவிகளுக்கு ஹோல்ஸ்ட் எழுதாத பார்ட்டுகள் அதில் சேர்ந்தன. அப்போது அவர் உயிருடன் இல்லை, 1934-லேயே காலமாகிவிட்டார். பிறகு இசையமைப்பாளர் காலின் மேத்யூஸ், ஹோல்ஸ்ட்டின் கையெழுத்துப் பிரதியை ஆதாரமாக வைத்துத் திருத்திய பதிப்பு 1984-இல் வெளிவந்தது.

புதிதாக வாங்குவதானால் 1984 பதிப்பையே வாங்குங்கள். ஸ்வரங்களைச் சேர்த்து ஊதச் சொல்லும் வளைவுக் கோடுகள், அழுத்தக் குறிகள், ஒலி அளவுகள் ஆகியவற்றில் பழைய பார்ட்டுகளிலிருந்து வேறுபாடுகள் உண்டு. பழைய பார்ட்டையும் புதிய பார்ட்டையும் ஒரே ஸ்டாண்டில் வைத்து வாசித்தால், ஒருவர் துண்டித்து ஊதும் இடத்தில் இன்னொருவர் சேர்த்து ஊதுவார். ஒத்திகையில் பாதி நேரம் அதைத் தீர்ப்பதிலேயே போய்விடும். பழையதை மட்டும் வைத்திருந்தால், அந்த ஒரே பதிப்பை எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய கட்டுகளில் பிக்கோலோ என்ற சிறு புல்லாங்குழலின் பார்ட் டி பிளாட் கருவிக்கு எழுதப்பட்டிருக்கும். இன்றைய சி பிக்கோலோவில் அதை அப்படியே ஊதினால் அரை ஸ்வரம் விலகும். எங்கள் பேண்டில் ஒரு பெண் இரண்டு வாரம் தன் காதையே சந்தேகித்துக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்தாள். காதில் எந்தக் குறையும் இல்லை, தாளில்தான் இருந்தது.

பாரிடோன் சாக்ஸபோன் வாசிப்பவரை வெளியே உட்கார வைப்பதா?

அவசியமில்லை. முந்தைய பதிலில் சொன்னபடி அந்தப் பார்ட் ஹோல்ஸ்ட்டுடையது அல்ல. ஆனாலும் முழுக்குழுவும் ஒலிக்கும் இடங்களில் அது சேர்ந்து வருவதால் தீங்கில்லை. மெலிதான இடங்களில் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை அச்சிட்டு வாசிக்கலாமா? காப்புரிமை?

ஹோல்ஸ்ட் இறந்தது 1934-இல். ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு என்பது இந்தியச் சட்டம். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் மூலப் படைப்பின் காப்புரிமை முடிந்துவிட்டது. ஆகவே 1921-இல் வந்த பழைய பார்ட்டுகளை அச்சிட்டுக்கொள்வதில் தடையில்லை. 1984 பதிப்பு அப்படியல்ல; அதில் பதிப்பாசிரியரின் உழைப்பு இருக்கிறது, அதை விலை கொடுத்தே வாங்க வேண்டும்; ஒளிநகல் எடுத்துப் பங்கிடக் கூடாது.

மூன்று பகுதிக்கும் ஒரே கரு என்கிறார்கள். எனக்குக் காதில் விழவில்லையே?

மூன்றே மூன்று ஸ்வரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஈ பிளாட், எஃப், சி. ஈ பிளாட்டை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் ‘ஸ, ரி, த’. ஒரு சிறு படி ஏறி, அங்கிருந்து ஒரு பெரிய தாவல். ஷக்கோன் இப்படித்தான் தொடங்குகிறது. இன்டர்மெட்ஸோவின் முதல் மெட்டும் இதே மூன்று ஸ்வரங்களில்தான் தொடங்குகிறது. வேகமும் துள்ளலும் மாறிவிடுவதால் அடையாளம் தெரியாமல் போகிறது.

மார்ச்சில் ஹோல்ஸ்ட் அதைத் தலைகீழாகத் திருப்புகிறார். பித்தளைக் கருவிகளின் மெட்டு ஈ பிளாட்டில் தொடங்கி, ஏறுவதற்குப் பதிலாக அரை ஸ்வரம் இறங்கி டி, அங்கிருந்து கீழே ஜி. அதாவது ‘ஸ’வுக்குப் பின் கீழ் ஸ்தாயி ‘நி’, பிறகு கீழ் ஸ்தாயி ‘க’. ஒத்திகையின் தொடக்கத்தில் இந்த இரண்டு வடிவங்களையும் பேண்டு முழுவதும் ஒருமுறை பாடிவிட்டுக் கருவியை எடுங்கள். ஷக்கோனின் நடுவிலும் மெட்டு தலைகீழாகி, நிறம் மங்கி வரும் இடம் ஒன்று உண்டு. பாடிப் பழகியவர்களுக்கு அது தானாகவே புலப்படும்.

தொடக்கத்தில் டியூபாவும் யூஃபோனியமும் மட்டும் வாசிக்கும் எட்டு பாரில் எங்கே மூச்சு எடுப்பது?

இது என் கருவியின் பகுதி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் எடுக்கும் வேகத்தில் அந்த எட்டு பாரும் சுமார் பதினாறு நொடி. யூஃபோனியத்தில் ஒரே மூச்சில் கொண்டுபோய்விடலாம். டியூபாவில் அந்தத் தாழ்ந்த ஸ்தாயியில், அதுவும் மென்மையாக, நிதானமாக ஊதி முடிப்பது பெரும்பாலோருக்கு இயலாது. எல்லோரும் நான்காம் பாரின் முடிவில் ஒன்றாக மூச்செடுத்தால் மெட்டு இரண்டு துண்டாகிவிடும். ஆகவே யார் எங்கே எடுப்பது என்று முன்பே பேசி, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒரு டியூபா மூன்றாம் பாரிலும் மற்றது ஐந்தாம் பாரிலும் எடுக்க, யூஃபோனியம் இடையில் விடாமல் தாங்கிப் பிடிக்கும்.

இன்னொன்று: மேடையில் அமர்ந்து, முந்தைய படைப்பு முடிந்து, கைதட்டல் ஓய்வதற்குள் குழாயில் ஈரம் சேர்ந்திருக்கும். நீர்த்திறப்பைத் திறந்து ஊதி வெளியேற்றிவிட்டே கருவியை உயர்த்துங்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு ‘களக்’ ஒலி வந்தாலும், அடுத்து வரும் ஐந்து நிமிடத்துக்கும் அடித்தளமான மெட்டு கறைபட்டுத் தொடங்கும்.

இசை நடத்துநர் வேகத்தை எப்படி முடிவு செய்வது?

ஷக்கோனுக்கு ‘அலெக்ரோ மொடராட்டோ’, இன்டர்மெட்ஸோவுக்கு ‘விவாச்சே’, மார்ச்சுக்கு ‘டெம்போ டி மார்ச்சா’ என்பவை ஹோல்ஸ்ட்டின் குறிப்புகள். ஷக்கோனை நிமிடத்துக்கு 90 எண்ணிக்கையை ஒட்டிய காலப்பிரமாணத்தில் நாங்கள் எடுக்கிறோம். பல பேண்டுகள் அதைத் துதிப்பாடல் போல இழுத்து வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அப்படி இழுத்தால் தொடக்கம் கம்பீரமாகத் தோன்றும், ஆனால் பதினாறாம் பகுதி ஸ்வரங்களில் மரக்காற்றுக் கருவிகள் ஓடத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்ட வேண்டிய நெருக்கடி வரும். அந்த ஓட்டம் எந்த வேகத்தில் மின்னுகிறதோ அதை முதலில் கண்டுபிடித்து, அதே வேகத்தில் முதல் பாரைத் தொடங்குவதே சரி.

அந்த ஓட்டத்தில் எங்கள் கிளாரினெட் ஒலி பித்தளைக் கருவிகளுக்குள் மூழ்கிப்போகிறது. என்ன செய்வது?

கிளாரினெட்டை இன்னும் பலமாக ஊதச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் சுருதி கெடுவதுதான் மிச்சம். அந்த இடத்தில் மெட்டு பித்தளைக் கருவிகளிடம் இருக்கிறது. எட்டு பார் மெட்டு அதற்குள் பல முறை வந்து கேட்பவரின் மனதில் பதிந்துவிட்டது. அதை உரக்கச் சொல்லியே நிலைநாட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் தெளிவாக வைத்து, உடனே ஒலியைச் சற்றுத் தளர்த்தினால், அந்த இடைவெளிகளில் கிளாரினெட்டின் ஓட்டம் வெளியே வரும். எங்கள் டிராம்போன் வரிசை இதை ஏற்றுக்கொள்ள மூன்று ஒத்திகை ஆனது. பிறகு ஒருநாள் அவர்களை அரங்கின் நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கச் செய்தோம். அன்றிலிருந்து அந்தப் பேச்சே எழவில்லை.

டிரம்பெட்டை கார்னெட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா?

கார்னெட் என்பது டிரம்பெட்டை ஒத்த, ஒலி சற்று மென்மையான பித்தளைக் கருவி. அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இந்தப் படைப்பில் கார்னெட்டுகளும் டிரம்பெட்டுகளும் வெவ்வேறு குரல்கள்: மெட்டைப் பாடுவது பெரும்பாலும் கார்னெட், மேலே பளிச்சிடுவது டிரம்பெட். டிரம்பெட் மட்டுமே இருக்குமானால், கார்னெட் பார்ட் வாசிப்பவர்கள் குழல்வாயை மக்களை நோக்கி நீட்டாமல், ஸ்டாண்டுக்குச் சற்றுத் தாழ்த்தி, உருண்டையான ஒலியைத் தேடுங்கள்.

பகுதிகளுக்கு நடுவே நிறுத்தலாமா? மார்ச்சை மட்டும் தனியாக வாசிக்கலாமா?

மூன்று பகுதியும் ஒரே கருவிலிருந்து எழுந்தவை என்பதால் இடையில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும் என்று ஹோல்ஸ்ட்டே ஸ்கோரில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேலே ஸ, ரி, த பற்றிச் சொன்னதை மனதில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: மார்ச்சின் இறங்கும் ஸ்வரங்களுக்குப் பொருள் கிடைப்பதே ஷக்கோனின் ஏறும் ஸ்வரங்கள் இன்னும் காதில் இருப்பதால்தான். போட்டியின் நேர வரம்புக்காக ஒரு பகுதியை மட்டும் வாசிக்கும் பேண்டுகள் உண்டு. பள்ளி விழாவில் மார்ச்சை மட்டும் வாசிப்பதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். கச்சேரி என்று அழைத்துவிட்டு அப்படிச் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

ஷக்கோனின் முடிவு அவ்வளவு முழக்கமானது என்பதால் மக்கள் கைதட்டத்தான் செய்வார்கள். இசை நடத்துநர் கையைத் தாழ்த்தாமல் உயர்த்தியே வைத்திருந்தால் போதும், அரங்கம் புரிந்துகொள்ளும்.

நிறுத்தாமல் வாசித்தால், இன்டர்மெட்ஸோவுக்கு கார்னெட்டில் மியூட் எப்போது பொருத்துவது?

முந்தைய பதிலின் விளைவாக வரும் நியாயமான சிக்கல். இன்டர்மெட்ஸோவின் தொடக்க மெட்டை ஓபோ, ஈ பிளாட் கிளாரினெட், ஒலியை மங்கவைக்கும் அடைப்பான மியூட்டைப் பொருத்திய கார்னெட் ஆகியவை சேர்ந்து வாசிக்கின்றன. அதற்குச் சற்று முன்புவரை அதே கார்னெட் கலைஞர் ஷக்கோனின் முழக்கத்தில் இருந்திருப்பார். ஒரு கச்சேரியில், அவசரத்தில் எங்கள் கார்னெட் கலைஞரின் மியூட் கைநழுவி மரத்தளத்தில் விழுந்து, உருண்டு, இரண்டாம் வரிசை ஹார்ன் நாற்காலியின் காலில் மோதி நின்றது. அலுமினிய மியூட், அரங்கம் முழுக்கக் கேட்டது. அவர் மியூட் இல்லாமலே தொடங்க, மூன்று கருவிகளும் ஒரே குரலாகக் கலக்க வேண்டிய இடத்தில் கார்னெட் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

அதன்பின் நாங்கள் செய்வது: மியூட்டைத் தரையில் வைக்காமல், ஸ்டாண்டில் மாட்டிய, துணி சுற்றிய தாங்கியில் வைக்கிறோம், ஷக்கோனின் கடைசி ஸ்வரத்தை இரண்டாமவர் தாங்க, முதல்வர் ஒரு நொடி முன்னதாக விடுபட்டு மியூட்டை எடுக்கிறார். நேரான மியூட் பொருத்தினால் சுருதி சற்றே ஏறும் என்பதால், சுருதிக் குழாயை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே அளந்து பென்சில் கோடு போட்டுவைத்திருக்கிறார். ஈ பிளாட் கிளாரினெட்டும் ஓபோவும் இயல்பிலேயே எளிதில் இணங்காத கருவிகள். மூவரும் ஒத்திகைக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து, அந்த முதல் வரியை மட்டும் மெதுவாக வாசித்துச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்டர்மெட்ஸோவின் நடுவில் வேகம் பாதியாகிறதா?

ஆகவில்லை. அங்கே ‘லிஸ்டெஸ்ஸோ டெம்போ’, அதே வேகம், என்று எழுதியிருக்கிறது. இரண்டு எண்ணிக்கைத் தாளம் நான்கு எண்ணிக்கையாக மாறுகிறது. ஆனால் ஒவ்வொரு எண்ணிக்கையின் நீளமும் மாறுவதில்லை. மேலே கரகரப்பிரியா பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட கிளாரினெட் மெட்டு நீண்ட ஸ்வரங்களால் ஆனதால் மெதுவானதாகத் தோன்றுகிறது. இங்கே உணர்ச்சிக்காக வேகத்தைக் குறைத்துவிட்டால், பகுதியின் இறுதியில் துள்ளல் மெட்டும் இந்த நீண்ட மெட்டும் ஒன்றாகச் சேரும்போது இரண்டும் பொருந்தாமல் போகும். ஹோல்ஸ்ட் அந்தச் சந்திப்பை எண்ணித்தான் வேகத்தை மாற்றாமல் வைத்தார் என்பது என் கருத்து.

எங்களிடம் டபுள் பேஸும் இல்லை, டிம்பனியும் இல்லை. டியூபாவில் வாசித்துச் சமாளிக்கலாமா?

இதற்கும் ஹோல்ஸ்ட்டே பதில் எழுதி வைத்திருக்கிறார். இன்டர்மெட்ஸோவில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவிக்குரிய வரியை எந்தப் பித்தளைக் கருவியிலும் வாசிக்க வேண்டாம். வேறு பார்ட்டுகளில் சிறு எழுத்தில் கொடுத்திருக்கும் இடங்கள் தவிர விட்டுவிடுங்கள் என்பது அவர் கோரிக்கை. டிம்பனி இல்லையென்றால் அந்தப் பார்ட்டை முழுவதுமாக விட்டுவிட வேண்டும். விரலால் மீட்டும் ஒலியின் இடத்தில் டியூபாவை வைத்தால் அந்தப் பகுதியின் இலேசான நடை பாரமாகிவிடும் என்பதை ஒருமுறை முயன்று பார்த்தாலே உணரலாம்.

ஒத்திகை அறையில் சரியாக இருந்த சுருதி அரங்கில் ஏன் மாறுகிறது?

காற்று குளிர்ந்தால் ஊதுகருவிகளின் சுருதி இறங்கும், வெப்பமானால் ஏறும். மின்விசிறி மட்டுமுள்ள ஒத்திகை அறையிலிருந்து கடுங்குளிர் அரங்குக்கு வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவோம். அதிலும் டியூபா போன்ற பெரிய கருவி சூடேற நேரம் பிடிக்கும். இந்தப் படைப்போ டியூபாவிலேயே தொடங்குகிறது. மேடை ஏறும் முன் ஒலி எழுப்பாமல் கருவிக்குள் வெதுவெதுப்பான மூச்சை விட்டுக்கொண்டிருங்கள்.

எந்தப் பதிவைக் கேட்டுப் பழகுவது?

அமெரிக்க இசை நடத்துநர் ஃபிரெடரிக் ஃபென்னல் இந்தச் சூட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அவர் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிளுடன் 1955-இல் செய்த பதிவும், கிளீவ்லாந்து சிம்ஃபானிக் விண்ட்ஸுடன் 1978-இல் டெலார்க் நிறுவனத்துக்காகச் செய்த பதிவும் இரண்டுமே கேட்க வேண்டியவை. பின்னது அமெரிக்காவின் ஆரம்பகால டிஜிட்டல் பதிவுகளில் ஒன்று. அதன் பேஸ் டிரம் ஒலி அன்று பெரிதாகப் பேசப்பட்டது. தாளக் கருவி வாசிப்பவர்கள் அதைக் கேட்டு, பேஸ் டிரம் எப்போது அடிக்கப்படுகிறது என்பதோடு எப்போது கையால் அடக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்.

மார்ச்சின் இறுதியில் இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. எது கேட்க வேண்டும்?

மார்ச் மரக்காற்றுக் கருவிகளின் ஓங்கிய நடுக்கத்தோடும் தாளக் கருவிகளின் அடியோடும் திறந்து, உடனே பித்தளைக் கருவிகளிடம் போகிறது. அந்த முதல் மெட்டு நறுக்கென்றது. பிறகு நடுப்பகுதியில் ஏ பிளாட்டுக்கு மாறி, அகன்று விரியும் இன்னொரு மெட்டு மரக்காற்றுக் கருவிகளிடம் பிறக்கிறது. அங்கே அவை தாழ்ந்த ஸ்தாயியில், கதகதப்பாக ஒலிக்க வேண்டும். இறுதிக்கு முன் இரண்டு மெட்டுகளும் சேர்கின்றன.

இரண்டும் கேட்க வேண்டும். ஆனால் இரண்டையும் சம பலத்தில் ஊதினால் எதுவும் கேட்காது. நறுக்கென்ற மெட்டுக்கு அதன் தாளமே உதவும், அதற்குப் பலம் தேவையில்லை. அகன்ற மெட்டுக்கு நீண்ட மூச்சு தேவை. ஆகவே அகன்ற மெட்டை வைத்திருப்பவர்கள் இரண்டு இரண்டு பாராக வெட்டாமல் நான்கு நான்காகக் கொண்டுசெல்லட்டும். நறுக்கு மெட்டைக் கொண்டவர்கள் ஒலி அளவை ஒரு படி இறக்கிக்கொண்டு நாவின் தெளிவை மட்டும் கூட்டட்டும். நாங்கள் ஒத்திகையில் முதலில் ஒரு மெட்டை மட்டும், அடுத்து மற்றதை மட்டும், மூன்றாவதாக இரண்டையும், ஆனால் எல்லோரும் மிக மென்மையாக வாசித்துப் பார்ப்போம். மென்மையில் இரண்டும் தெளிவாகக் கேட்டபின், அந்த விகிதம் மாறாமல் முழு ஒலிக்குப் போகிறோம்.